ஆசிரியருக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்
(தொலைக்காட்சி மன்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம் வீடுகளில் முதலில் கிளம்பும் கேள்வி, "அங்கே சிங்கம் இருக்குமே?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?" மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அங்கே போய்க் காலை முதல் மாலை வரை என்னதான் வேலை? இன்றைய பேச்சு அதைப் பற்றியது. அதிலும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறவரைப் பற்றி அல்ல. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் தன்னார்வலரைப் பற்றி.

இதைப் புக்கிட் தெங்காவில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. ஆசிரியர்களை உருவாக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவில் இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் மெங்குவாங்கில் துவாங்கு பைனுன் ஆசிரியர் கல்விக் கழகம். மறுபக்கம் பினாங்குப் பாலத்தைக் கடந்தால் கெலுகோரில் ரெக்சாம். தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்காக 1967இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. பிற்காலத்தில் ஆப்பிரிக்க நாட்டு ஆசிரியர்களும் அங்கே வந்து பயிற்சி பெற்றுப் போயிருக்கிறார்கள். அவர்கள் இங்கே வந்ததுண்டு. இங்கிருந்து அங்கே போவதுதான் அரிது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. உடம்பில் தெம்பு இருக்கிறது, பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், இரண்டு வருடம் போய் வந்தால் என்ன என்று அவர்களில் சிலர் நினைக்கிறார்கள். நல்ல நினைப்புதான். ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். மலாவி. பெயரைக் கேட்டால் மலாயாவுக்குத் தம்பி என்று தோன்றும். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில், நீண்ட ஏரி ஒன்றை ஒட்டிக் கிடக்கும் சிறிய நாடு. கடல் கிடையாது. நம்மைப் போலவே பிரிட்டிஷார் ஆண்ட நாடு. 1964இல் விடுதலை பெற்றது. 1994இல் அங்கே பல கட்சித் தேர்தல் நடந்து புதிய அரசு வந்தது. தொடக்கப்பள்ளிக்கு இனிக் கட்டணம் இல்லை என்று அந்த அரசு அறிவித்தது. எவ்வளவு நல்ல செய்தி! சுமார் 19 இலட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 30 இலட்சத்துக்குத் தாவியது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வகுப்பறை எங்கே? மரத்தடி இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம். ஆசிரியர் எங்கே? மரத்தடியில் ஆசிரியர் முளைப்பதில்லையே. இடைநிலைப் படிப்பு முடித்த இளைஞர்கள் சுமார் 20,000 பேரைத் திரட்டி, சில வார அறிமுகப் பயிற்சி மட்டும் கொடுத்து, வகுப்புக்குள் அனுப்பினார்கள். அவர்களுக்கு வேலையில் இருந்தபடியே பயிற்சி கொடுக்கும் திட்டம் 1997இல் வந்தது. கல்லூரியில் மூன்று மாதம், மீதிக் காலமெல்லாம் பள்ளியிலேயே. பள்ளிகளை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஓர் ஆசிரியர் மேம்பாட்டு மையமும் ஓர் ஆலோசகரும் ஏற்படுத்தினார்கள். வெளிநாட்டுத் தன்னார்வப் பயிற்றுநர் இப்படிப்பட்ட இடத்தில்தான் போய் நிற்கிறார்.

அவருடைய ஒரு நாள் எப்படி இருக்கும்?

விடிவதற்கு முன்பே எழ வேண்டும். தண்ணீர் அடிகுழாயிலிருந்து வர வேண்டும். அங்கே முதலில் போய் நிற்பது ஊர்ப் பெண்கள். தன்னார்வலர் வரிசையில் நிற்கிறார். நலம் விசாரித்த பிறகுதான் அங்கே எந்தப் பேச்சும் தொடங்கும். "முலி ப்வாஞ்சி?" எப்படி இருக்கிறீர்கள் என்று பொருள். விசாரிக்காமல் வேலையைப் பற்றிப் பேசுகிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் மரியாதை தெரியாதவர். நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தமிழ் முகத்தோடு போகிறவருக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. வெள்ளைக்காரர் என்றால் தொண்டு செய்ய வந்தவர் என்று ஊருக்குத் தெரியும். இந்திய முகம் என்றால் "அம்வென்யே", அதாவது இந்தியர்; கடைக்காரர் என்றே நினைப்பார்கள். "எந்தக் கடை உங்களுடையது?" என்று கேட்பார்கள். இதில் கேலி இல்லை, சரித்திரம் இருக்கிறது. அங்கே குடியேறிய இந்தியர்களில் பெரும்பாலோர் குஜராத்தி வணிகர்கள். 1970களில் அன்றைய அதிபர் பாண்டாவின் ஆட்சி அவர்களைக் கிராமப்புறங்களிலிருந்து அகற்றி, சில நகரங்களில் மட்டுமே வணிகம் செய்யலாம் என்று கட்டுப்படுத்தியது. அதனால் கிராமத்தில் இந்திய முகம் ஒன்று சைக்கிளில் வந்து பள்ளிக்கூடத்தில் இறங்கினால் அவர்களுக்கு வியப்பு. முதல் ஒரு மாதம், தான் கடை வைக்க வந்தவரல்லர் என்பதை விளக்குவதிலேயே போய்விடும்!

பள்ளி ஏழரை மணி அளவில் தொடங்குகிறது. அதற்கு முன் பிள்ளைகள் வகுப்பைக் கூட்டித் துடைக்கிறார்கள். தன்னார்வலர் தலைமையாசிரியரைப் பார்த்து, வருகைப் புத்தகத்தில் கையெழுத்திட்டு, ஒன்றாம் வகுப்புக்குப் போகிறார். நூறைத் தாண்டிய பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கீழ் வகுப்புகளில் இந்த எண்ணிக்கை இன்றும் பல பள்ளிகளில் உண்டு. பயிற்றுநருக்கு இடம் கடைசி வரிசையில். அவருடைய உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது: சும்மா உட்கார்ந்து பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. முப்பது வருடம் வகுப்பை ஆண்டு பழகியவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. கை துறுதுறுக்கும், நாக்கு துறுதுறுக்கும். எழுந்து போய் வெண்கட்டியைப் பிடுங்கித் தானே நடத்திக் காட்டலாமா என்று தோன்றும். அப்படிச் செய்தால் அன்றோடு அந்த ஆசிரியையின் மதிப்பு பிள்ளைகள் முன்னால் போய்விடும்.

ஆசிரியை கழித்தல் நடத்துகிறார். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி, "எல்லோரும் சேர்ந்து வருகிறோமா?" என்று கேட்கிறார். "இண்டே!" என்று வகுப்பே கூரை அதிரக் கத்துகிறது. ஆமாம் என்று அர்த்தம். எத்தனை பேருக்குப் புரிந்தது? கத்தலிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. "புரிந்ததா?" "புரிந்தது சார்!" என்பது நம் வகுப்புகளுக்கும் பழைய பாட்டுதானே.

மணி அடித்தபின் மாமரத்தடியில் இருவரும் உட்காருகிறார்கள். தன்னார்வலர் குறிப்பேட்டைத் திறக்கிறார். பன்னிரண்டு குறைகள் எழுதி வைத்திருக்கிறார். புதியவராக இருந்தால் பன்னிரண்டையும் வாசிப்பார். ஆசிரியை பணிவோடு தலையாட்டுவார், நன்றி சொல்வார், மறுநாள் பழையபடியே நடத்துவார். அனுபவப்பட்டவர் ஒன்றை மட்டும் சொல்லுவார். எதைச் சொல்லலாம்? அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதிய ஒரு விஷயம் இருக்கிறது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு விநாடிதான்; அதை மூன்று விநாடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, வாய் திறக்காத பிள்ளையும் திறக்கிறது. "நாளைக்குக் கேள்வியைக் கேளுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், பிறகு ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்." இவ்வளவுதான். இதற்குக் கணினி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், வெண்கட்டி கூட வேண்டாம். நூற்றிருபது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் செய்யலாம்.

இங்கேதான் போகிறவர்கள் பெட்டி நிறையக் கொண்டுபோகும் முறைகள் தடுமாறுகின்றன. "குழு நடவடிக்கை" என்று பயிற்சி ஏட்டில் இருக்கும். நாற்பது பேர் வகுப்புக்கு அது சரி. மேசை நாற்காலி இல்லாத இடத்தில் நூற்றிருபது பேரை எத்தனை குழுவாகப் பிரிப்பது, யார் மேய்ப்பது? அந்த ஆசிரியையை "பழமைவாதி" என்று அறிக்கையில் எழுதிவிடுவது சுலபம். வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கிறாரே, அதுவே ஒரு வித்தை என்று பார்க்கக் கண் வேண்டும்.

மலாவி ஆசிரியர்கள் கையாளும் ஒரு வழியும் உண்டு. கிடைப்பதைக் கொண்டு கற்பிப்பது. அதற்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது, "தலுலார்" என்று. சோளமணியும் பாட்டில் மூடியும் எண்ணுவதற்கு. மாவுச் சாக்கைப் பிரித்து விரித்தால் சுவர்ப்படம். அட்டைப்பெட்டியைக் கிழித்தால் எழுத்து அட்டை. எழுதக் கரி. மரவள்ளி மாவைக் காய்ச்சினால் பசை. பயிற்றுத்துணைப் பொருள் வாங்க ஒதுக்கீடு வரவில்லை என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பிற்பகல் மையத்தில் ஆசிரியர் கூட்டம். பத்துப் பேர் வர வேண்டும். நாலு பேர் வருகிறார்கள். தன்னார்வலருக்குக் கோபம் வருகிறது. மெல்ல விசாரித்தால் ஒவ்வொருவருக்கும் காரணம் இருக்கும். ஒருவர் வீட்டில் மழைக்கு முன் நிலத்தைக் கொத்த வேண்டும்; சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடக்காது. இன்னொருவர் ஊரில் சாவு. 2000களின் தொடக்கத்தில் அந்தச் சாவுகளில் ஆசிரியர்களின் சாவே எத்தனையோ. எய்ட்ஸ் நோய் வகுப்பறைகளைக் காலி செய்துகொண்டிருந்த காலம் அது. 2004இலிருந்து அரசு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. அந்நாளில் சம்பளம் வாங்குவதற்கே ஆசிரியர் பள்ளியை விட்டு நகரத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டிய ஊர்கள் இருந்தன. அப்படிப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால் "படி உண்டா?" என்று கேட்கிறார். பயிற்சிக்குப் படி கொடுத்துப் பழக்கியது வெளிநாட்டு அமைப்புகளேதான். கொடுத்துவிட்டு, பிறகு "பணத்துக்காக வருகிறார்கள்" என்று குறை சொன்னால் என்ன நியாயம்? அந்தத் தன்னார்வலருக்குக் கிடைக்கும் உதவித்தொகை நமக்குச் சொற்பமாகத் தெரியலாம். அந்த ஊர் ஆசிரியரின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அது பல சமயம் அதிகம். இது தெரிந்தே அங்கே இரண்டு வருடம் வாழ வேண்டும்.

இரவு சாப்பாட்டுக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவோம். சோளமாவில் கிளறிய "ன்சீமா". நம் கேழ்வரகுக் களியின் அண்ணன். கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ளக் கீரை, அவரை, அல்லது ஏரியில் பிடித்துக் காயவைத்த "உசிப்பா" என்ற பொடி மீன். நெத்திலி மாதிரியே இருக்கும். மிளகாயை மட்டும் கூடுதலாக ஒரு கை போட்டுக்கொண்டால் நம்மவர் பிழைத்துக்கொள்வார். பிறகு விளக்கு, கொசுவலை, மறுநாளுக்கான குறிப்பு. சிங்கம் எங்கே என்றால், வனவிலங்குக் காப்பகங்களில்.

இதையெல்லாம் கேட்கும்போது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? இருக்க வேண்டும். இந்தச் செபராங் பிறை மண்ணில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன, பிறகு ரப்பர் வந்தது. அந்தத் தோட்டப் பள்ளிகளில் யார் ஆசிரியர்? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1920களில் சட்டம் வந்தது. தோட்டத் துரை என்ன செய்தார்? எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியையோ கிராணியையோ கூப்பிட்டு, "நீ வாத்தியார்" என்றார். ஒரு கொட்டகை, ஓர் ஆள், எல்லா வகுப்பும் ஒரே கூரையின் கீழ். தமிழ் ஆசிரியர்களுக்கு வார இறுதிப் பயிற்சி வகுப்பு என்று ஒன்று வருவதற்கே 1930களின் பிற்பகுதி ஆகிவிட்டது. அந்தக் கங்காணி வாத்தியாரைத் திட்டி எழுதியவர்கள் பலர். அவரை யார் பயிற்றுவித்தார்கள் என்று கேட்டவர்கள் சிலர்தான். மலாவியில் 1994இல் வகுப்புக்குள் தள்ளப்பட்ட அந்த 20,000 பேருக்கும் நம் கங்காணி வாத்தியாருக்கும் இடையில் கடல்தான் இருக்கிறது, வேறு வித்தியாசம் அதிகமில்லை.

தன்னார்வலர்கள் நம் நாட்டுக்கும் வந்தவர்கள்தாம். பிரிட்டனின் தன்னார்வச் சேவை அமைப்பை அலெக் டிக்சன் 1958இல் தொடங்கியபோது முதல் தொகுதி இளைஞர்கள் போன இடங்களில் சரவாக்கும் ஒன்று. பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையன்கள்! அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்கள் 1962இல் மலாயாவுக்கு வந்தார்கள். 1983 வரை நாலாயிரத்துக்கும் அதிகமானோர் வந்து போனார்கள். கிராமப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் நடத்தியவர்களை நன்றியோடு நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் நம் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்த்தது அவர்களா? இல்லை. 1956 ரசாக் அறிக்கைக்குப் பின் 1957இலிருந்து நாடெங்கும் திறந்த பகல் நேரப் பயிற்சி நிலையங்களும், பிறகு வந்த கல்லூரிகளும், எல்லாவற்றுக்கும் மேலாக அரசு கொடுத்த சம்பளமும்தான் தீர்த்தன. இதைத் தொண்டுக்குப் போகிறவர் மறக்கக்கூடாது. ஓர் அரசு செய்ய வேண்டிய வேலையைத் தன்னார்வலர் தன் தோளில் தூக்க முடியாது. தூக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டால் அந்த அரசுக்கும் அது வசதியாகப் போய்விடும்.

ஒரு பழைய கதை. 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூர்ப் பக்கம் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்றார். பயிற்சியே இல்லாத துணை ஆசிரியர்கள், தேறாத பிள்ளைகள். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். துணை ஆசிரியர்கள் மாட்டோம் என்றார்கள். பெல் என்ன செய்தார்? எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடு என்றார். அவன் சொல்லிக்கொடுத்தான். நம் திண்ணைப் பள்ளிக்கு இது புதிதா? சட்டாம்பிள்ளை என்ற சொல்லே அதற்குத்தானே இருக்கிறது! பெல் 1797இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரோடு அது பிரிட்டனில் பரவி, அங்கிருந்து ஆப்பிரிக்க மிஷன் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. செலவு குறைவு என்பதற்காகவே அதிகாரிகள் அதைக் கொண்டாடினார்கள் என்பதும் உண்மை. ஆக, நூறு பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற இடத்தில், மூத்த பிள்ளையை இளைய பிள்ளைக்குத் துணை வைப்பதைத் தன்னார்வலர் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் போதிக்க வேண்டியதில்லை. நம் பாட்டன் திண்ணையில் இருந்தது, எப்போதோ அங்கேயும் போயிருக்கிறது. அந்த ஆசிரியை தன் சிறுவயதில் அதைப் பார்த்திருந்தாலும் வியப்பில்லை. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மொழியிலும் அப்படித்தான். மலாவியில் முதல் நான்கு வகுப்புகளில் சிச்செவா மொழியில் நடத்துவது நெடுநாள் வழக்கம். 2013ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழி ஆக்கியது. சட்டம் ஒரே நாளில் மாறிவிடும்; ஆசிரியரின் நாக்கு மாறுமா? 2003இல் இங்கே கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போனபோது நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். அந்தப் பாட்டைப் பட்ட ஒருவர் மலாவி ஆசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்தால், இங்கிலாந்திலிருந்து வந்தவர் சொல்ல முடியாத சிலவற்றைச் சொல்ல முடியும். நம்மவர் போக வேண்டும் என்பதற்கு இது ஒரு பலமான காரணம்.

போகிறவர் எப்போது திரும்ப வேண்டும் என்று வேலையைத் திட்டமிடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் வருடம் கூட்டத்தை அவர் நடத்தலாம். இரண்டாம் வருடத்தில் ஓர் உள்ளூர் ஆசிரியர் நடத்த, அவர் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். கடைசி மாதங்களில் அவர் வராமலே கூட்டம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் நடக்காது. வட்டார ஆலோசகரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கும், பெட்ரோலுக்குப் பணம் இருக்காது. தன்னார்வலர் விட்டுப்போன சுவர்ப்படங்களைக் கரையான் தின்றிருக்கும். வழியனுப்பு விழாவில் பாட்டு, கூத்து, கண்ணீர் எல்லாம் இருக்கும். புகைப்படம் நன்றாக வரும். அடுத்த திங்கட்கிழமை அந்த ஒன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார யாருமே இல்லையென்றால், அந்த இரண்டு வருடத்துக்கு என்ன கணக்கு?

ஆகவே புக்கிட் தெங்காவிலோ பட்டர்வொர்த்திலோ இருந்து யாராவது விண்ணப்பிக்க நினைத்தால், நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பார்கள். நீங்களும் அவர்களை ஒன்று கேளுங்கள். அங்கே எனக்குப் பக்கத்தில் வேலை செய்யப்போகும் உள்ளூர் ஆலோசகர் யார், அவர் பெயர் என்ன, அவர் பள்ளிகளுக்குப் போய்வர எரிபொருள் செலவு எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? பெயர் சொன்னால் அவரோடு முதலில் கடிதத்திலோ தொலைபேசியிலோ பேசுங்கள். "அங்கே போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்கு எழுதிப்போடுங்கள்.